தாயின் உணவும் சேயின் நீரிழிவும்: ஒரு மருத்துவக் கருத்தின் வரலாறு

மருத்துவத்தின் வரலாறு பெரும்பாலும் மேதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1921ஆம் ஆண்டில் ரொறன்ரோ நகரில் பான்ரிங், பெஸ்ற் ஆகியோர் இன்சுலினைப் பிரித்தெடுத்தமை நீரிழிவின் வரலாற்றில் அத்தகையதோர் அத்தியாயமாகும். ஆயின் அதே நோயின் வரலாற்றில் பிறிதோர் அத்தியாயமும் உண்டு. அது ஆய்வுகூடத்திலே தொடங்கியதன்று. போர்க்காலப் பங்கீட்டுக் கணக்குகளிலும், பிரசவ மருத்துவமனைகளின் எடைக் குறிப்புகளிலும், படைக்கு ஆட்சேர்த்தபோது எழுதப்பெற்ற மருத்துவ அறிக்கைகளிலும் அதன் முதற் பக்கங்கள் சிதறிக் கிடந்தன. கருவுற்ற தாய் உண்டதும் உண்ணாது விட்டதும், சிறப்பாக அவள் உணவிற் கலந்திருந்த கொழுப்பும், அவள் பெற்ற பிள்ளை நடுவயதை அடையும்போது நீரிழிவுக்கு ஆளாவதைப் பாதிக்குமா என்ற வினாவின் வரலாறே அதுவாகும்.

இவ்வினாவுக்குக் காலந்தோறும் கூறப்பட்ட விடைகள் ஒரே சீரானவையல்ல. ஒரு தலைமுறை ஐயமற நிறுவியதாகக் கருதியதை அடுத்த தலைமுறை திருத்த வேண்டியிருந்தது. அவ்வாறு திருத்தப்பட்ட ஒவ்வொரு முறையும், தாயொருத்தியின் விருப்பு வெறுப்பாகத் தோன்றிய ஒன்று அவள் வாழ்ந்த சமூகத்தின் நிலைமையாக விரிந்தது என்பதே இவ்வரலாறு தரும் முதன்மையான செய்தி எனலாம்.

தாயின் குருதியும் கருப்பைச் சூழலும்

இன்சுலின் பயன்பாட்டுக்கு வருமுன்னர் நீரிழிவுற்ற பெண்கள் கருவுறுவதே அரிது. கருவுற்றாலும் தாயும் சேயும் பிழைத்தல் அதனினும் அரிது. இன்சுலினின் வருகைக்குப் பின்னர் இந்நிலை மாறியது. அத்தாய்மார் பெற்ற குழந்தைகள் பலர் வழமைக்கு மாறான பருமனுடன் பிறந்தமை மருத்துவரின் கவனத்தை ஈர்த்தது. கோப்பன்ஹேகனில் பணியாற்றிய யோர்கன் பீடர்சன் 1950களில் இதற்கு விளக்கம் தந்தார். தாயின் குருதியில் மிகுந்திருக்கும் குளுக்கோசு சூல்வித்தகத்தைக் கடந்து கருவை அடைகின்றது. ஆனால் தாயின் இன்சுலின் அவ்வாறு கடப்பதில்லை. எனவே கருவின் சதையியே மிகுதியான இன்சுலினைச் சுரக்க நேர்கிறது. அதன் விளைவாகக் கருவில் கொழுப்பு மிகுதியாகச் சேர்கின்றது என்பதே அவ்விளக்கத்தின் சாரமாகும்.

சிக்காகோவைச் சேர்ந்த நோர்பேட் பிறிங்கல் 1980ஆம் ஆண்டில் நிகழ்த்திய பான்ரிங் நினைவுப் பேருரையில் இக்கருத்தை மேலும் விரித்தார். தாயிடமிருந்து கருவுக்குச் செல்வது குளுக்கோசு மட்டுமன்று. அமினோ அமிலங்களும் கொழுப்புகளும் அதனோடு கலந்தே செல்கின்றன. உறுப்புகள் உருவாகும் பருவத்தில் இவ்வெரிபொருட்கலவை மாறுபடுமாயின், அதன் தடம் பிறப்புடன் மறைந்துவிடாது வாழ்நாள் முழுதும் நிலைக்கக்கூடும் என அவர் வாதிட்டார். தாயின் கொழுப்பு என்ற பொருள் நீரிழிவு ஆராய்ச்சியில் உரிய இடத்தைப் பெறுவதற்கு இவ்வுரை வழிசமைத்தது எனக் கூறுவது மிகையாகாது.

இவையாவும் பரம்பரையின் விளைவுகளே என ஒருவர் மறுத்துரைக்கலாம். அரிசோனா மாநிலத்துப் பீமா மக்களிடையே 1965ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த நெடுங்கால ஆய்வு இம்மறுப்புக்கு விடை தந்தது. கருவுற்றிருந்த காலத்திலேயே நீரிழிவுடையோராயிருந்த தாய்மாரின் பிள்ளைகளுள் 45 வீதத்தினர் 20க்கும் 24க்கும் இடைப்பட்ட வயதில் நீரிழிவுற்றிருந்தனர் என 1988இல் வெளியான ஆய்வறிக்கை காட்டியது. பிரசவத்தின் பின்னரே நோயுற்ற தாய்மாரின் பிள்ளைகளிடையே அவ்வீதம் 8.6 மட்டுமே. நோயற்ற தாய்மாரின் பிள்ளைகளிடையே அது 1.4 ஆக இருந்தது. முதலிரு தொகுதித் தாய்மாரும் நோய்க்குரிய பரம்பரையலகுகளை ஒத்தவகையிற் கொண்டிருக்கக்கூடியவர்களே. ஆகவே அவர்களின் பிள்ளைகளிடையே காணப்பட்ட பெருவேறுபாட்டைப் பரம்பரையால் மாத்திரம் விளக்கவியலாது. கருப்பையின் சூழலே அவர்களை வேறுபடுத்தியது என்ற முடிவு வலுப்பெற்றது.

பஞ்சம் எழுதிய ஏடுகள்

மிகுதியின் விளைவை நோயுற்ற தாய்மார் காட்டினர் எனின், குறைவின் விளைவைக் காட்டியது ஒல்லாந்தின் பஞ்சமாகும். 1944 செப்டெம்பரில் நேசப்படைகளின் முன்னேற்றத்துக்குத் துணையாக, இலண்டனில் இயங்கிய ஒல்லாந்து அரசு புகையிரதத் தொழிலாளரை வேலைநிறுத்தத்துக்கு அழைத்தது. அதற்குப் பதிலடியாக நாட்டின் மேற்குப் பகுதிக்கு உணவு செல்வதை ஜேர்மானிய ஆக்கிரமிப்பாளர் தடுத்தனர். தடை ஓரளவு தளர்த்தப்பட்ட வேளையில் கடுங்குளிர் சூழ்ந்து கால்வாய்கள் உறைந்தன. நவம்பர் இறுதியில் ஆம்ஸ்டர்டாம் நகரில் வளர்ந்தோருக்கான நாட்பங்கீடு 1000 கலோரிக்குக் கீழிறங்கியது. டிசெம்பருக்கும் அடுத்த ஆண்டு ஏப்ரலுக்கும் இடையில் அது 400க்கும் 800க்கும் இடைப்பட்டதாகவே இருந்தது. கருவுற்றோருக்கும் பாலூட்டுவோருக்கும் மேலதிகப் பங்கு உண்டென விதி கூறிற்று. பஞ்சம் உச்சமடைந்தபோது அவ்விதி ஏட்டளவிலேயே நின்றது. மக்கள் ரியூலிப் பூண்டின் கிழங்குகளையும் அவித்துண்டனர். 1945 மே மாத விடுதலையுடன் உணவு விரைவாக வந்து சேர்ந்தது.

தொடக்கமும் முடிவும் திட்டமாக வரையறுக்கப்பட்ட இத்தகைய பஞ்சம் வரலாற்றில் அரிதாகும். பஞ்சத்தின் முன்னும் பின்னும் போதிய உணவு இருந்தமையும், பிறப்புப் பதிவேடுகள் அழியாது காக்கப்பட்டமையும், பட்டினி கருவளர்ச்சியின் எந்த மாதங்களில் நேர்ந்தது எனத் துணிவதற்கு இடமளித்தன. அமெரிக்கக் குழந்தை மருத்துவரான கிளெமன்ற் ஸ்மித் போர் முடிந்ததும் அங்குச் சென்று ஆராய்ந்து 1947இல் தம் முடிவுகளை வெளியிட்டார். அடுத்து 1976இல், படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட 19 வயது இளைஞர் மூன்று இலட்சம் பேரின் மருத்துவ அறிக்கைகள் ஆராயப்பட்டன. கருக்காலத்தின் முற்பாதியில் பஞ்சத்துக்கு உட்பட்டோரிடையே உடற்பருமன் மிகுந்திருந்தது. கருக்காலத்தின் இறுதி மாதங்களிலும் பிறந்த பின்னரான தொடக்க மாதங்களிலும் உட்பட்டோரிடையே அது குறைந்திருந்தது. பட்டினி கிடந்த தாயின் பிள்ளை பருத்தவனாதல் கூடும் என்பது அக்கால மருத்துவ உலகுக்குப் புதுமையான செய்தியாகும்.

1998இல் வெளியான ஆய்வு நீரிழிவை நேரடியாகத் தொட்டது. ஆம்ஸ்டர்டாமின் வில்ஹெல்மினா மருத்துவமனையிற் பிறந்து ஏறத்தாழ ஐம்பது வயதெய்தியிருந்த 702 பேருக்குக் குளுக்கோசு கொடுத்துச் சோதிக்கப்பட்டது. கருக்காலத்தின் நடுப்பகுதியிலோ பிற்பகுதியிலோ பஞ்சத்துக்கு உட்பட்டவர்களின் குருதியில், இரண்டு மணி நேரத்தின் பின்னர், குளுக்கோசு உயர்ந்திருந்தது. அவர்களுள்ளும் பிற்காலத்திற் பருத்தவர்களிடையே இது மேலும் தெளிவாகக் காணப்பட்டது. பத்தாண்டுகள் கழித்து, 2008இல், கருக்காலத்தின் முற்பகுதியில் பஞ்சத்துக்கு உட்பட்டோர் பெருங்கொழுப்புடைய உணவை நாடுதல் ஏனையோரிலும் இருமடங்காக இருந்ததென அறியப்பட்டது. கொழுப்பின்றி வாடிய தாயின் பிள்ளையிடம் கொழுப்பை நாடும் சுவை குடிகொண்டமை இப்பஞ்சம் விட்டுச்சென்ற விந்தையான எச்சம் எனலாம். அதே ஆண்டு வெளியான வேறோர் ஆய்வு, கருத்தரித்த வேளையிற் பஞ்சம் நிலவியவர்களை அவர்களின் உடன்பிறந்தாருடன் ஒப்பிட்டது. வளர்ச்சியுடன் தொடர்புடைய ஒரு பரம்பரையலகின் மீதமைந்த வேதியியல் அடையாளங்கள் ஆறு தசாப்தங்களின் பின்னரும் அவர்களிடம் குறைந்தே காணப்பட்டன. பரம்பரையலகு மாறவில்லை, அது இயங்கும் முறையைக் குறிக்கும் அடையாளமே மாறியிருந்தது.

ஹேர்ட்போட்சயர் பதிவேடும் லெனின்கிராட் முற்றுகையும்

1962இல் ஜேம்ஸ் நீல் என்னும் அமெரிக்கப் பரம்பரையியலாளர், பஞ்சம் மலிந்த பண்டைக் காலத்தில் உணவைச் சேமிக்கும் ஆற்றல் தரும் பரம்பரையலகுகள் நிலைத்தன என்றும், வளம் மிகுந்த காலத்தில் அவையே நீரிழிவுக்குக் காரணமாயின என்றும் கூறினார். சிக்கனம் பரம்பரையில் உள்ளது என்பது அவர் கொள்கை. அதனை மறுதலித்த கொள்கை இங்கிலாந்தின் பழைய பதிவேடொன்றிலிருந்து பிறந்தது. ஹேர்ட்போட்சயரில் எதெல் மார்கரெட் பேர்ன்சைட் என்னும் அம்மையாரின் மேற்பார்வையில் 1911ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு குழந்தையின் பிறப்பெடையும், ஒரு வயதில் அதன் எடையும் எழுதி வைக்கப்பட்டன. படையிற் சேர முன்வந்த இளைஞர் பலர் நலிந்த உடலினராயிருந்தமை குறித்துப் பிரித்தானியாவில் எழுந்த கவலையே இத்தகைய குழந்தைநல முயற்சிகளுக்குப் பின்னணியாகும்.

சவுதாம்ரனைச் சேர்ந்த டேவிட் பாக்கரும் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த நிக்கொலஸ் ஹேல்சும் இப்பதிவேட்டின் துணையுடன், சராசரி 64 வயதினரான 370 ஆடவரைச் சோதித்து 1991இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு வயதில் 18 இறாத்தலோ அதற்குக் குறைவாகவோ எடையிருந்தவர்களுள் 17 வீதத்தினர் நீரிழிவுற்றிருந்தனர். 27 இறாத்தலோ அதற்கு மேலோ இருந்தவர்களுள் ஒருவரேனும் அந்நோயுற்றிருக்கவில்லை. ஒப்பிடப்பட்ட இரு பிரிவிலும் இருபத்து மூவரும் இருபத்து நால்வருமே இருந்தனராயினும், இடைப்பட்டோரிடையேயும் எடை கூடக்கூட நோய் குறையும் போக்குக் காணப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே அவர்கள் தம் கொள்கையை வகுத்துரைத்தனர். உணவு குறைந்த கருப்பையில் வளரும் கரு, மூளையைக் காக்கும் பொருட்டுச் சதையி முதலிய உறுப்புகளின் வளர்ச்சியைச் சுருக்கிக்கொள்கின்றது. அச்சிக்கனம் வறிய வாழ்வுக்குப் பொருந்தும். வளமான வாழ்வில் அதுவே நோயாகின்றது. இவ்வாறு சிக்கனத்தின் இருப்பிடம் பரம்பரையிலிருந்து கருப்பைக்கு மாற்றப்பட்டது.

எனினும் இக்கொள்கைக்கும் ஒரு சோதனை காத்திருந்தது. 1941 செப்டெம்பர் முதல் 1944 ஜனவரி வரை முற்றுகைக்குள்ளான லெனின்கிராட் நகரில், முதலாண்டின் குளிர்காலத்திலே, தங்கிவாழ்வோருக்குரிய நாட்பங்கீடு 125 கிராம் பாணாகச் சுருங்கியிருந்தது. அங்குக் கருவில் இருந்தோரைப் பற்றிய ஆய்வு 1997இல் வெளிவந்தது. அவர்களிடம் குளுக்கோசுச் சமநிலைக் குறைபாடு ஏனையோரிலும் மிகுந்திருக்கவில்லை. இம்முரண்பாட்டுக்குக் கூறப்பட்ட விளக்கம் வரலாற்று மாணவருக்குச் சிறப்பாகப் பயன்தருவதாகும். ஒல்லாந்தின் குழந்தைகள் பட்டினியிற் கருவாகி வளத்தில் வளர்ந்தனர். லெனின்கிராட் குழந்தைகளோ பட்டினியிற் கருவாகிப் பற்றாக்குறையிலேயே வளர்ந்தனர். கருப்பை எதிர்பார்த்த உலகுக்கும் பிள்ளை அடைந்த உலகுக்கும் இடையிலான இடைவெளியே நோயை வளர்க்கிறது என்ற கருத்து இதனால் வலிமை பெற்றது.

கொழுப்பு என்னும் வினா

பஞ்சத்தை முன்வைத்து எழுந்த இக்கருத்துகள் உருப்பெற்றுக்கொண்டிருந்த காலத்திலேயே செல்வ நாடுகளின் நிலை தலைகீழாகிக் கொண்டிருந்தது. அங்கு கருவுற்ற பெண்களுக்கு உணவு கிடையாமையிலும் மிகுகொழுப்பு உணவு மலிந்தமையே பெருஞ் சிக்கலாயிற்று. மனிதரிடம் செய்யவியலாச் சோதனைகள் விலங்குகளிடம் செய்யப்பட்டன. கருக்காலத்திலும் பாலூட்டற் காலத்திலும் தாய் எலிகளுக்குக் கொழுப்பு மிகுந்த உணவு கொடுத்தால் குட்டிகளின் அனுசேபம் பாதிக்கப்படும் என 1995இல் அமெரிக்க ஆய்வொன்று காட்டிற்று. பன்றிக் கொழுப்பு மிகுந்த உணவுண்ட தாய் எலிகளின் குட்டிகளை இலண்டன் ஆய்வாளர் ஆராய்ந்தனர். அக்குட்டிகள் வழமையான உணவையே உண்டு வளர்ந்தும், ஓராண்டு வயதில் அவற்றின் குளுக்கோசுச் சமநிலை குலைந்திருந்ததென 2005இல் அறிவித்தனர். குறைவும் மிகுதியும் வெவ்வேறு வாயில்களால் நுழைந்து ஒரே இடத்தைச் சென்றடைவதை இம்முடிவுகள் உணர்த்தின.

2009இல் யப்பானிய மக்காக் குரங்குகள் பற்றிய ஆய்வு இவ்வினாவை மனிதருக்கு அண்மையாக்கியது. கலோரியில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு கொழுப்பாக அமைந்த உணவை உண்ட தாய்க்குரங்குகளின் கருக்களில், ஈரலிற் படிந்த கொழுப்பு மும்மடங்காக இருந்தது. தாய் பருத்திருந்தபோதும் மெலிந்திருந்தபோதும் இது நிகழ்ந்தது. அதனினும் முக்கியமானது பிறிதொரு செய்தி. அதே தாய்மாருக்கு அடுத்த கருக்காலத்திற் கொழுப்புக் குறைந்த உணவு வழங்கப்பட்டபோது, தாயின் எடை மாறாதபோதிலும், கருவின் ஈரற் கொழுப்புக் குறைந்தது. முன்னைய உணவு மாற்றவியலாத விதியன்று என்பதற்கு இது சான்றாகும்.

2010இல் சிட்னியில் நிகழ்ந்த ஆய்வு வேறொரு கோணத்தைத் திறந்தது. இங்கு மிகுகொழுப்பு உணவுண்டவை தந்தை எலிகள்; தாய் எலிகளின் உணவோ வழமையானது. அவ்வாறிருந்தும் அவற்றின் பெண் குட்டிகளுடைய சதையியின் பீற்றாக் கலங்கள் குறைபாடுற்று, இன்சுலின் சுரப்புப் பாதிக்கப்பட்டது. பல தசாப்தங்களாகத் தாயின் தட்டை மட்டுமே நோக்கிய ஆராய்ச்சி, தந்தையின் தட்டை நோக்க எவ்வளவு காலம் பிந்தியது என்பதை இவ்வாய்வு சொல்லாமற் சொல்லியது.

நல்ல கொழுப்பைத் தேடிய முயற்சி

கொழுப்பின் அளவைப் போன்றே அதன் வகையும் ஆராயப்பட்டது. கொட் மீனின் ஈரலெண்ணெய் அருந்துதல் நோர்வே மக்களின் நெடுநாள் வழக்கமாகும். விற்றமின் டீயும் ஒமேகா மூன்று வகைக் கொழுப்பமிலங்களும் அதிற் செறிந்துள்ளன. அந்நாட்டின் ஒரு மாவட்டத்தில் நடந்த ஆய்வு 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. கருக்காலத்தில் அவ்வெண்ணெயை அருந்திய தாய்மாரின் பிள்ளைகளிடையே முதலாம் வகை நீரிழிவு, அதாவது உடலின் எதிர்ப்பாற்றலே பீற்றாக் கலங்களை அழிப்பதால் இளமையிற் பெரும்பாலும் தோன்றும் நீரிழிவு, குறைவாக இருந்ததென அது கூறியது. நாடளாவிய பெரிய ஆய்வு 2003இல் வந்தபோது இத்தொடர்பு காணப்படவில்லை; குழந்தைக்கே முதலாண்டில் அவ்வெண்ணெய் ஊட்டப்பட்டமைதான் குறைந்த நோயுடன் தொடர்புற்றிருந்தது.

டென்மார்க்கின் ஓகுஸ் நகரில் 1990இல் 533 கர்ப்பிணிகள் மூன்று பிரிவினராக்கப்பட்டு, மீனெண்ணெய் பெறுவோர், ஒலிவ எண்ணெய் பெறுவோர், எதுவும் பெறாதோர் எனப் பகுக்கப்பட்டனர். அவர்களின் பிள்ளைகள் 19 வயதெய்திய பின் ஆராய்ந்தபோது உடற்பருமனில் வேறுபாடு தென்படவில்லை. அவுஸ்திரேலியாவில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட தாய்மாரிடம் நடந்த பெருஞ்சோதனையும் மீனெண்ணெயினால் பிள்ளைகளின் உடற்கொழுப்புக் குறைந்ததாகக் காட்டவில்லை. ஒரு குளிகையால் பிறவாத குழந்தையின் எதிர்காலத்தைக் காக்கலாம் என்ற நம்பிக்கை இவ்வாறு தளர்ந்தது.

புனேயின் கிராமங்கள்

இலங்கை உட்படத் தென்னாசிய நாடுகளில் நீரிழிவு மிகுந்து வருவதனால், புனே நகரை அடுத்துள்ள ஆறு கிராமங்களில் சிட்டரஞ்சன் யாஜ்னிக் என்பாரின் தலைமையில் 1993இல் தொடங்கிய ஆய்வு தனிக் கவனத்துக்குரியது. வயலில் உழைக்கும் மெலிந்த தாய்மார் பெற்ற குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோகிராம், இங்கிலாந்தின் சவுதாம்ரன் குழந்தைகளின் எடை 3.5 கிலோகிராம். எடையிலும் தசையிலும் பெரிதும் குறைந்திருந்த இந்தியக் குழந்தைகளிடம் தோலின் கீழுள்ள கொழுப்பு மட்டும் அவ்வளவு குறைந்திருக்கவில்லை. மெலிந்தும் கொழுத்தும் ஒருசேரத் தோன்றும் இக்குழந்தைகளே, பார்வைக்கு ஒல்லியரான தென்னாசியர் இளவயதிலேயே நீரிழிவுக்கு ஆளாவதன் ஒரு காரணத்தைக் காட்டினர்.

இக்கிராமங்களில் தாயின் உணவிலிருந்த மொத்தக் கலோரிக்கும் குழந்தையின் பருமனுக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆனால் பதினெட்டாம் வாரத்தில் கொழுப்பைச் சற்று மிகுதியாக உண்ட தாய்மாரின் குழந்தைகள் எடையிலும் நீளத்திலும் கூடியிருந்தன. பால், கீரை, பழம் ஆகியவற்றை அடிக்கடி உண்டவர்களிடமும் அவ்வாறே கண்டனர். செல்வ நாட்டில் அஞ்சப்பட்ட கொழுப்பு, வறிய கிராமத்தில் வளர்ச்சிக்குத் துணையாக நின்றமை கருதத்தக்கது. கொழுப்பு நன்றா தீதா என்ற வினா, யாருடைய உணவில், எந்த அளவில், எந்தப் பருவத்தில் என்ற வினாக்களின்றி விடைபெறாது என்பதை இது தெளிவாக்கியது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, தாயின் உணவுக்கும் சேயின் நீரிழிவுக்கும் தொடர்பு உண்டென்பது மறுக்கவியலாதது. ஆயின் அத்தொடர்பை அறிவித்த சான்றுகளே அது தாயின் குற்றமன்று என்பதற்கும் சான்றாகின்றன. ஆம்ஸ்டர்டாமின் தாய் பட்டினியைத் தெரிந்தெடுக்கவில்லை. தடைப்படுத்தப்பட்ட பாதையும் உறைந்த கால்வாயும் அவளுக்காகத் தெரிந்தெடுத்தன. லெனின்கிராட் தாயின் பாண் துண்டை முற்றுகை அளந்தது. புனேயின் தாயுடைய கலத்தில் எண்ணெயும் பாலும் எவ்வளவு என்பதை நிலமும் கூலியும் விலையும் தீர்மானித்தன. அத்தாயே ஒரு காலத்தில் எடை குறைந்த குழந்தையாகப் பிறந்தவளாயிருத்தல் கூடும். அவ்வாறாயின் கணக்கு ஒரு தலைமுறையில் முடிவதில்லை.

இவ்வுண்மை புறக்கணிக்கப்படும்போது அறிவியல் அறிவுரையாகச் சுருங்கி, கர்ப்பிணியின் மீது சுமத்தப்படும் இன்னொரு பழியாகிவிடுகின்றது. அது உணரப்படும்போது, வளரும் பெண்பிள்ளையின் உணவும், கர்ப்பிணியின் பங்கும், குடும்பத்தின் வருவாயும் நீரிழிவுத் தடுப்பின் பகுதிகளாகின்றன. ஹேர்ட்போட்சயரில் குழந்தைகளை நிறுத்து எழுதியவர்கள் அந்த எண்கள் எண்பது ஆண்டுகளின் பின் எதனைக் கூறும் என அறிந்திலர். நோயை மருத்துவமனைக்கு வெளியே, ஒரு சமூகம் தன் தாய்மாருக்கு என்ன வழங்கிற்று என்ற வினாவில் தேட வேண்டும் என்பதே அவை கூறியதாகும்.